முனியம்மா, வயது 46

முனியம்மாவ எட்டாம் கிளாஸோட நிறுத்தினது நாந்தான். போன நவம்பர்ல, காலேஜ் கேன்டீன் படிக்கட்டுல லேப்டாப்ப மடியில வச்சிக்கிட்டு உட்காந்திருந்தேன். மொதல்ல பன்னெண்டுன்னுதான் அடிச்சேன், அப்புறம் பத்துன்னு மாத்தினேன், அதுவும் ஜாஸ்தியாத் தெரிஞ்சுது, எட்டுக்கு எறக்கினேன். ஒரு பொம்பளையோட நாலு வருஷப் படிப்பு அஞ்சு நிமிஷத்துல போயிடுச்சு. யாரும் கேக்கல. யாரு கேப்பாங்க, முனியம்மான்னு ஒருத்தி இல்லவே இல்லயே. டிசைன் படிக்கறவ ஒவ்வொருத்தியும் இப்டி ஒரு ஆள உண்டாக்கணும், அதுக்கு பர்சோனான்னு பேரு. நாம செய்யற பொருள யாரு பயன்படுத்தப் போறாங்களோ அவங்க மாதிரி ஒரு கற்பனை ஆளு. ஒரு போட்டோ, ஒரு பேரு, வயசு, படிப்பு, என்ன கஷ்டம், எதுக்கு பயம், அவங்க வாயால சொன்ன மாதிரி ஒரு வரி. எல்லாரும் நெட்லேருந்து ஏதோ ஒரு சிரிச்ச மூஞ்சிய எடுத்து ஒட்டுவாங்க. நான் எங்கம்மாவ எடுத்து ஒட்டினேன். செம, எழிலரசி, செம. இப்ப அனுபவி.

மணி ஒண்ணே முக்கா. நாலு மணிக்குள்ள லிங்க் போகணும். லேப்டாப்புக்கு அடியில தலகாணி, தலகாணிக்கு அடியில என் தொடை, மூணும் கொதிக்குது. ஃபேன் சுத்துது, சத்தம் மட்டுந்தான் வருது, காத்து பக்கத்து வீட்டுக்குப் போவுது போல. மே மாசம் மொத வெள்ளி, ரேஷன் கடைக்கு லீவு, அதனால அம்மா வீட்ல இருக்கா. எப்பவும் இந்த நேரத்துக்கு அவ புளியந்தோப்புல கடையில இருப்பா, நான் தனியா இருப்பேன், என் இஷ்டத்துக்குப் பொய் சொல்லலாம். இன்னிக்குப் பாத்து சமையக்கட்டுல உட்காந்து முருங்கக்கீரை ஆயறா. அங்கேருந்தே ஜன்னல் வழியா பக்கத்து பிளாக் ஷகிலாக்காகிட்ட பேச்சு வேற, “எம் பொண்ணு கம்ப்யூட்டர்ல அவளோட வேலையெல்லாம் ஒண்ணா சேத்து வக்கிறா, பெங்களூருக்காரன் கேட்டிருக்கான்” அப்டின்னு. பெங்களூருக்காரன்! அவன் பேரு தருண், ஏதோ ஒரு ஸ்டூடியோவுக்குப் பெரிய ஆளு, காலையில பத்து மணிக்கு மெயில் போட்டான். இதுவரைக்கும் பன்னெண்டு தடவ படிச்சிருப்பேன். முனியம்மாவோட கதை எங்க டீமையே அசைச்சிடுச்சு, இன்னிக்கு நாலு மணிக்கு எல்லாரும் உட்காந்து உன் போர்ட்ஃபோலியோவ பாக்கறோம், அதுக்குள்ள முடிச்சு அனுப்பு, முடிஞ்சா முனியம்மா தன் சொந்தக் குரல்ல பேசற ஒரு நிமிஷ வீடியோவும் சேத்து போடு, அவங்க குரல நாங்க கேக்கணும். கேக்கணுமாம். குரல் இங்கதான் இருக்கு சார், ஷகிலாக்காகிட்ட கீரைய பத்தி பேசிட்டிருக்கு.

முடிஞ்சான்னா என்ன அர்த்தம்னு நாலு வருஷம் படிச்சவளுக்குத் தெரியாதா. முடியலன்னா வேண்டாம்னு அர்த்தமில்ல, முடியலன்னா நீ வேண்டாம்னு அர்த்தம். எங்க கிளாஸ்ல முப்பத்திரண்டு பேரு. இருபது பேருக்கு மார்ச்லயே வேலை வந்துடுச்சு, ஏழெட்டு பேரு மேல படிக்க வெளிநாடு போறாங்க, மிச்சம் நாலு பேரு. நாலு பேருல ரெண்டு பேருக்கு அப்பாவோட கம்பெனி இருக்கு. அந்தக் கணக்குல நான் எங்க நிக்கறேன்னு விரல் விட்டுப் பாக்க வேண்டிய அவசியமே இல்ல. ஆறு மாசமா சாம்பிளுக்கு ரெண்டு மூணு பக்கத்த நாப்பது எடத்துக்கு அனுப்பினேன், பதில் எழுதினது இந்த ஒருத்தன். அவனும் எனக்காக எழுதல, முனியம்மாவுக்காக எழுதினான். முனியம்மா இல்லாம போனா நான் யாரு? லெட்டர் டிசைன் ஒண்ணு, சோப்பு டப்பா ஒண்ணு, ரெண்டு மொக்க போஸ்டர். அத யாரும் நின்னு பாக்க மாட்டான். முனியம்மாதான் என்னோட வேலையே. அவளத் தூக்கிட்டா பக்கம் காலி, அவள வச்சா... வச்சா என்ன, ஆறு மாசமா வச்சிருக்கேன், இன்னிக்கு மட்டும் என்ன புதுசா.

போட்டோ ஸ்க்ரீன் முழுக்க இருக்கு. என்னையே பாக்குது. இல்ல, பாக்கல, கண்ணு பாதி மூடியிருக்கு, வாய் லேசா தொறந்திருக்கு, நெத்தி சுருங்கி மேல ஏறியிருக்கு, பின்னாடி கோணி மூட்ட அடுக்கு. பாக்கறவங்களுக்கு நெஞ்சு உருகுது. அன்னிக்கு அம்மா கடையில நான் முப்பத்தியொரு போட்டோ எடுத்தேன். முப்பதுலயும் அம்மா சிரிக்கறா, இல்ல யாரையாவது திட்டறா, இல்ல “தள்ளி நில்லுடி, வரிசைய மறைக்காத”ன்னு என்னைத் திட்டறா. ஒண்ணுலயும் கஷ்டமே இல்ல. டிசைனுக்குக் கஷ்டம் வேணும், கஷ்டம் இல்லன்னா நாம எதத் தீக்கறது? அப்ப கோதுமை மூட்டைய பிரிச்சாங்க, தூசி பறந்துச்சு, அம்மாவுக்குத் தும்மல் வந்துச்சு. தும்மல் வர்றதுக்கு ஒரு நொடி முன்னாடி மூஞ்சி எப்டி ஆவும், அந்த நொடியில அமுக்கினேன். அடுத்த நொடியில தும்மிட்டு, மூக்கத் தொடச்சிக்கிட்டு, “அடுத்த கார்டு யாரு”ன்னு கத்தினா. அத எடுக்கல. தருணோட டீம அசைச்சது எங்கம்மாவோட தும்மல். இத யாருகிட்டயாவது சொல்லி வயிறு வலிக்கச் சிரிக்கணும் போல இருக்கு, சொல்றதுக்கு ஒரு ஆளு இல்ல, சொல்லக்கூடிய ஒரே ஆளு அம்மாதான், அவகிட்டதான் சொல்ல முடியாது.

பேரு கூட நான் மொதல்ல தமயந்தின்னுதான் போட்டேன். அம்மா பேரே அதுதான், அப்ப அவ்ளோ பொய் பழகல எனக்கு. பரத்வாஜ் சார் பாத்துட்டு மூக்குக்கண்ணாடிய எறக்கினாரு, “தமயந்தின்னா ரேஷன் கடைக்காரம்மா மாதிரி இல்லயேம்மா, ஏதோ டான்ஸ் டீச்சர் மாதிரி இருக்கு, இன்னும் கொஞ்சம் மண்ணு வாசன வேணும்”னாரு. சார், அது அவங்க நிஜப் பேரு சார்னு சொல்லியிருக்கலாம். சொன்னா அடுத்த கேள்வி வரும், உனக்கு எப்டித் தெரியும், யாரு அவங்கன்னு. கிளாஸ்ல எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. மூணு வருஷமா நான் பெரம்பூர்ப் பக்கம்னு மட்டும் சொல்லி வச்சிருக்கேன், அம்மா கவர்மென்ட் சப்ளைல இருக்காங்கன்னு சொல்லி வச்சிருக்கேன், ஆபீசர்னு அவங்களா நெனச்சிக்கிட்டாங்க, நெனச்சிக்கட்டும்னு விட்டேன். அன்னிக்கே வாய்ல வந்த பேரு முனியம்மா. சார் தலைய ஆட்டினாரு, “இப்ப ஆளு கண்ணுல தெரியறா”ன்னாரு. அதுக்கப்புறம் எல்லாம் சுளுவா ஆயிடுச்சு. படிப்பு எறங்கிச்சு, கடையில ரேகை வக்கற மிஷின் மேல எவ்ளோ பயம்னு காட்ட ஒரு கோடு போட்டேன், கோட்டுல சிவப்ப முக்கா பாகத்துக்கு ஏத்தினேன், கடைசியில அவ வாயால ஒரு வரி: எனக்கு இந்த மிஷினெல்லாம் புரியாதுங்க, தொடவே பயமா இருக்குங்க. எங்கம்மா இத எந்த ஜென்மத்துலயும் சொல்லியிருக்க மாட்டா. அவ பேசின பதினோரு நிமிஷம் போன்ல அப்டியே இருக்கு, “இந்த மிஷினுக்கு என்னா தெரியும், நாலு வீட்டுல பாத்திரம் தேய்க்கறவளுக்கு ரேகை எங்க இருக்கும், எடுக்கலன்னு கத்தும், நாந்தான் விரல தலைமுடியில தேச்சிக்கிட்டு வைம்மான்னு சொல்லுவேன், அந்த எண்ணெய் பட்டா எடுக்கும், அதுக்கும் மசியலன்னா மோதிர விரலு, அதும் இல்லன்னா கண்ண காட்டச் சொல்லுவேன், மிஷின மெரட்டற வெதத்துல மெரட்டணும்”. அதுல எதுவும் உதவல. மிஷினுக்கு பயப்படாதவள வச்சிக்கிட்டு நான் என்னத்த டிசைன் பண்றது?

ஆனா ஒண்ணு உதவுச்சு. கட வாசல்ல அம்மா ஒரு சிலேட்டு மாட்டி வச்சிருக்கா. தெனம் காலையில சாக்பீஸால எழுதுவா, இன்னிக்கு அரிசி சர்க்கர இருக்கு, பருப்பு இல்ல, செவ்வாய்க்கிழம வாங்க, மிஷின் மெதுவா வேல செய்யுது, அவசரம்னா சாயங்காலம் வாங்க. தெரு முனையிலேருந்தே தெரியும், வேல வெட்டிய விட்டுட்டு யாரும் சும்மா வந்து நிக்க வேண்டியதில்ல. யாரும் சொல்லிக் குடுக்கல, அவளா வச்சது. அந்த சிலேட்டுதான் என் டிசைன். பச்ச கலர் இருக்குன்னா இருக்கு, சிவப்புன்னா இல்ல, பக்கத்துல படம், கீழ தேதி, அழகான எழுத்து. மூணே நாள்ல முடிச்சேன். முடிச்சப்புறம்தான் ஸ்கெட்ச் வரைஞ்சேன். கிளாஸ்ல எல்லாருமே அப்டித்தான், கடைசிப் படம் ரெடியானப்புறம் ஒரு ராத்திரி உட்காந்து, யோசிச்சு யோசிச்சுத் தப்புப் பண்ணின மாதிரி முப்பது ஸ்கெட்ச் வரையறது, ஏன்னா மார்க் போட வர்ற ஜூரிக்கு யோசன எப்டி வந்துச்சுன்னு காட்டணும். நான் ரெண்டு மூணு அடிச்சும் வச்சேன். ஒரு பேப்பர் மேல டீ கிளாஸ வச்சு வட்டம் விழ வச்சேன். யோசன எப்டி வந்துச்சு? புளியந்தோப்புல ஒரு ஆணியில தொங்கிட்டிருந்துச்சு, நான் கழட்டிட்டு வந்தேன். கருமம்.

“எழிலு, மோர் வேணுமா?” சமையக்கட்டுலேருந்து. வேணாம்மா. “காலையில ரெண்டு இட்லிதான் துன்ன, வெறும் வயித்துல அந்தப் பொட்டியையே பாத்தா தல சுத்தும்.” வேணாம்னு சொன்னேன்ல. “சரி கத்தாத.” மணி ரெண்டு இருவது. கத்தினனா நான்? ஜூரி அன்னிக்கும் இப்டித்தான் காது அடைச்ச மாதிரி இருந்துச்சு. வெளியேருந்து வந்த மேடம், கைத்தறிப் புடவ, கழுத்துல பெரிய வெள்ளி வளையம், என் போர்டு முன்னாடி வந்து நின்னாங்க, நின்னவங்க நகரல. “யாரு இவங்க? என்ன முகம்! எங்க கண்டுபிடிச்ச?” அப்டின்னாங்க. அவங்க குரல்ல அவ்ளோ மரியாத இருந்துச்சு. அந்த எடத்துல சொல்லியிருக்கலாம், எங்கம்மா மேம்னு. ரெண்டே வார்த்த. நான் சொன்னது, “ஃபீல்ட் விசிட்ல பாத்தவங்க மேம்”. ஃபீல்ட் விசிட். தெனம் காலையில எனக்கு டிபன் கட்டிக் குடுத்து பஸ் ஸ்டாப் வரைக்கும் வர்றவ. மேடம் கேட்டாங்க, “அவங்களுக்கு இதக் காட்டினியா?” காட்டினேன் மேம், அழுதுட்டாங்க மேம்னேன். அதக் கூட யாரும் கேக்கல, நானா சேத்தேன். எங்கம்மா அழுது நான் பாத்ததே இல்ல. அதுக்கு மறுவாரம் எல்லாருக்கும் கண்காட்சி, வீட்டுக்காரங்கள கூட்டிட்டு வரலாம்னு சொன்னாங்க. அம்மா ஒரு வாரமா கேட்டுட்டிருந்தா, “என் போட்டோவ பெருசா மாட்டியிருக்கியாமே, எப்ப வரணும்?” கடைக்கு வர்றவங்ககிட்டல்லாம் சொல்லி வச்சிருந்தா. பச்ச ஜரிகப் புடவைக்கு ரவிக்கைய கூட இஸ்திரிக்குக் குடுத்துட்டா. படிக்கறவங்க மட்டுந்தான் உள்ள போவ முடியும், ஸ்ட்ரிக்ட்டும்மான்னேன். “அப்டியா, சரி, போட்டோவாவது புடிச்சிட்டு வா”ன்னா. அதும் செய்யல. கேமரா சார்ஜ் இல்லன்னேன்.

சரி, மாத்திடலாம். இப்பவே மாத்திடலாம், யாரு கைய புடிச்சா. பேரு தமயந்தி. படிப்பு பன்னெண்டாவது, ஸ்டேட் போர்டு, பத்தாவதுல கணக்குக்குத் தொண்ணூத்தியாறு. பயம்னு இருக்கற கோட்டுல சிவப்ப எறக்கு, இன்னும் எறக்கு, பூஜ்யம். அந்த வரி? “மிஷின மெரட்டற வெதத்துல மெரட்டணும்.” அடிச்சிட்டுப் பாக்கறேன், நல்லாத்தான் இருக்கு, எங்கம்மா வந்து உட்காந்த மாதிரி இருக்கு. அடுத்த பக்கத்துக்குப் போனா, பிரச்சன என்னன்னு ஒரு தலைப்பு. என்ன பிரச்சன? ஒண்ணுமில்ல, அந்தம்மா பாத்துக்கறாங்க. அதுக்கடுத்த பக்கம், என் தீர்வு. உன் தீர்வா? அவங்க சிலேட்டு. அதுக்கடுத்து, என் பங்கு. என் பங்கு என்னன்னா... கலர் குடுத்தேன். பச்ச, சிவப்பு. பதினாலு பக்கமும் ஒவ்வொண்ணா சரியுது. தமயந்தி வந்து உட்காந்தா எனக்கு ஒக்கார எடமில்ல. இத வச்சிக்கிட்டு தருண் என்ன பண்ணுவான், அவங்கள வேணா வேலைக்கு எடுத்துப்பான். பின்னாடி போ, பின்னாடி போ, அதே பட்டனத் தட்டித் தட்டிப் பின்னாடி வரேன், தொண்ணூத்தியாறு போச்சு, பன்னெண்டாவது போச்சு, சிவப்புக் கோடு திரும்ப ஏறிச்சு, முனியம்மா வந்துட்டா. அப்பாடான்னு இருந்துச்சு. நெஜமா அப்பாடான்னுதான் இருந்துச்சு, அதச் சொல்லாம விட்டா அதுவும் ஒரு பொய்.

மூணு மணி. வேற யாரையாவது பேச வக்கலாமா, ஷகிலாக்காவ? மூஞ்சி ஒத்துப் போவாது, பக்கத்துலயே போட்டோ இருக்கு. வெறும் குரல் போதும்னு வீடியோ இல்லாம அனுப்பினா? சந்தேகம் வரும். முனியம்மா ஊருக்குப் போயிட்டாங்கன்னு சொன்னா? செத்துட்டாங்கன்னு சொன்னா? அடச்சீ, என்ன பொண்ணு நீ. அம்மாகிட்டயே கேக்கறதுதான். என்னன்னு கேக்கறது? ஒரு நாடகம் மாதிரிம்மா, ஒரு ஆளு மாதிரி நடிக்கணும்மா, சும்மா ஒரு நிமிஷம். அவளுக்கு இங்கிலீஷ் படிக்க வராது, ஸ்க்ரீனப் பாத்தாலும் ஒண்ணும் புரியாது, வரிய மட்டும் வாயால சொல்லிக் குடுத்தா சொல்லிட்டுப் போயிடுவா. அவளுக்கு எது புரியாதுன்னு எனக்குத் தெரியும்னு நெனச்சேன் பாரு. சிவப்புக் கோடு ஸ்க்ரீன்ல மட்டும் இல்ல, எனக்குள்ளயும் இருந்துச்சு.

“மா, இங்க வாயேன்.” கையத் தொடச்சிக்கிட்டே வந்தா, வெரல்ல பச்ச வாசன. “என்ன, ஆச்சா?” ஒரு சின்ன வீடியோ வேணும்மா, நீ பேசணும், ஒரு வரிதான், ஒரு ரேஷன் கடைக்காரம்மா மாதிரி. “மாதிரி என்னடி, நான் அதான்டி” அப்டின்னு சிரிச்சா. சிரிச்சிக்கிட்டே என் தோளுக்கு மேல எட்டிப் பாத்தா. மூடலாம்னு கை போச்சு, மூடல, ஏன் மூடலன்னு தெரியல. “ஐய, இந்தப் போட்டோவையா போட்ட? தும்மல் வந்தப்ப எடுத்ததுதானே, மூஞ்சி கோணலா... நல்லதா ஒண்ணு கெடைக்கலயா உனக்கு?” அப்புறம் உதடு மட்டும் அசையுது. எனக்குத் தெரிஞ்சு போச்சு, அவ படிக்கறா. எழுத்துக்கூட்டி, ஒவ்வொரு வார்த்தையா, மூட்ட மேல இருக்கற எழுத்த, மேலேருந்து வர்ற சர்க்குலர, மிஷின்ல வர்ற எழுத்தப் படிக்கற மாதிரியே, அவசரமில்லாம படிக்கறா. அவ கடையில இருக்கற இந்தப் பதினெட்டு வருஷமா அது எல்லாம் இங்கிலீஷ்லதான் வருதுன்னு இப்பத்தான் எனக்கு ஒரைக்குது. “முனியம்மா... யாரு? எய்த் ஸ்டாண்டர்டா?” வெரல ஸ்க்ரீன் மேல வச்சா. “ஃபியர்னா பயம். ஹை.” “நம்ம கடையில முனியம்மா ஏழு பேரு கார்டு வச்சிருக்காங்க எழிலு. ஒருத்தியும் இப்டிப் பேச மாட்டா.” கீழ போ கீழ போன்னு அவளே பக்கத்தத் தள்ளினா. ஸ்கெட்ச் வந்துச்சு, டீ வட்டம் வந்துச்சு, பச்சையும் சிவப்புமா போர்டு வந்துச்சு. “இது நம்ம சிலேட்டுதானே?” ஆமாம்மா. “நல்லா பண்ணியிருக்க. என் பேரு எங்க?” இந்த மாதிரி இதுல பேரு போட மாட்டாங்கம்மா, ரூல்ஸ்ம்மா, எல்லாரும் இப்டித்தான் பண்ணுவாங்க, அது நீ இல்லம்மா, அது ஒரு கற்பன, சும்மா ஒரு... “எத்தன மணிக்குக் குடுக்கணும்?” நாலு. “குடுத்தா வேல வருமா?” வரும்னு நெனக்கறேன். “நெனக்கறியா, வருமா?” வரும்மா.

எழுந்து உள்ள போயிட்டா. திட்டுவான்னு நெனச்சேன். அவ திட்டினா ஷகிலாக்கா வீடு வரைக்கும் கேக்கும், நானும் பதிலுக்குக் கத்துவேன், உனக்கு என்ன தெரியும், அங்க வந்து ஒரு நாள் உட்காந்து பாரு, அவங்க பேசறதும் உடுத்தறதும், நடுவுல நான் எப்டி உட்காந்திருந்தேன்னு உனக்குத் தெரியுமான்னு கத்துவேன், அழுவேன், லேப்டாப்ப மூடிடுவேன், அவளால போச்சுன்னு ஆயிடும், எனக்கு நிம்மதியா இருக்கும். அதுக்கெல்லாம் வாக்கியம் வாக்கியமா ரெடியா வச்சிருந்தேன். சத்தமே வரல. குழாய் தொறந்து மூடற சத்தம். பீரோ தொறக்கற சத்தம். கீரைய அப்டியே போட்டுட்டாளா? மூணே கால். மூணு இருவது. திட்டேம்மா. வந்து ரெண்டு அறை விட்டுட்டாவது போயேன். ஒருவேள அழறாளோ. ஜூரி அன்னிக்கு நான் சொன்ன பொய்யி இப்ப நிஜமா ஆவுதோ. எழுந்து போய் பாக்கலாம். எழுந்திருக்கல. ஸ்க்ரீன்ல கர்சர் மின்னி மின்னி நிக்குது, வீடியோ வக்கறதுக்கு விட்ட எடம் சாம்பல் கலர்ல காலியா இருக்கு. எழுந்திருக்காம, வெக்கமில்லாம, அந்த எடத்தோட அகலத்த ரெண்டு புள்ளி கூட்டினேன்.

வந்தா. சாம்பல் பூத்த பழைய நைலக்ஸ் புடவ, வீடு கழுவும்போது கட்டறது. காதுல கெடந்த தோட்டக் கழட்டியிருந்தா. தலைய ஈரக் கையால கலைச்சு விட்டிருந்தா. “முனியம்மா பச்ச ஜரிகப் புடவ எல்லாம் கட்ட மாட்டா இல்ல?” சிரிக்கல. “சேர்லயா, கீழயா?” கீழன்னு நான் சொல்லல, ஆனா அவ கீழதான் உட்காந்தா, செவத்தோரமா, அரிசி டப்பா பக்கத்துல, முட்டியக் கட்டிக்கிட்டு. போன எடுத்தேன். ரெண்டு கையாலயும் புடிச்சேன். “எங்க பாக்கணும் மேடம்?” அப்டின்னா. விளையாட்டுக்குன்னு நெனச்சேன், மூஞ்சியப் பாத்தேன், விளையாட்டு இல்ல. கவுண்டர்ல தாசில்தார் ஆபீஸ்லேருந்து யாராவது செக்கிங்குக்கு வந்தா வக்கற மூஞ்சி அது, எனக்குத் தெரியும், என்கிட்ட அத ஒரு நாளும் வச்சதில்ல. கேமராவப் பாரும்மான்னு கையக் காட்டினேன். அமுக்கினேன். “வணக்கங்க. எம் பேரு முனியம்மாங்க. எட்டாவது வரைக்குந்தாங்க படிச்சேன். எங்களுக்கு இந்த மிஷினெல்லாம் புரியாதுங்க. தொடவே பயமா இருக்குங்க, எதுனா தப்பா அமுக்கிட்டா என்னா ஆவும்னு கையெல்லாம் நடுங்குதுங்க.” கையத் தூக்கிக் காட்டினா. நடுங்குச்சு. எப்டி நடுங்க வச்சா? “வாசல்ல ஒரு போர்டு வக்கலாம்னு எங்களுக்குத் தோணவே இல்லீங்க. மேடம் மாதிரி படிச்சவங்க வந்துதாங்க சொன்னாங்க. அவங்கதாங்க வரைஞ்சு குடுத்தாங்க.” அந்த வரிய நான் எழுதல. என்கிட்ட இல்லாத வரி. பதினாலு பக்கத்துலயும் நான் தேடிட்டிருந்த வரி, என் பங்கு என்னன்னு. அந்த நேரத்துல கீழ தெருவுல பழைய பேப்பர் வண்டிக்காரன் ஒலிபெருக்கிய வச்சிட்டான், பழைய இரும்பு, பிளாஸ்டிக், பேப்பரேய்ய்னு, ஜன்னல் வழியா அப்டியே உள்ள வந்து விழுந்துச்சு. போட்டுப் பாத்தேன். பாதிக்கு மேல அவன் குரல்தான் கேக்குது. மூணு முப்பத்தெட்டு.

அவ எழுந்திருக்கல. முட்டியக் கட்டிக்கிட்டு அப்டியே இருந்தா. வண்டிச் சத்தம் தெரு முனைக்குப் போய் அடங்குச்சு. இப்ப சொல்லலாம். வேணாம்மா, எழுந்திரு, தோட்டப் போட்டுக்க, போனா போவுது இந்த வேலன்னு இப்ப சொல்லலாம். இத விட்டா வேற நேரம் வராதுன்னு எனக்குத் தெரியுது, நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு, அவ மூஞ்சியில அதுக்கு ஒரு எடம் விட்டு வச்சிருந்த மாதிரி கூட இருந்துச்சு. “சத்தம் விழுந்துடுச்சா மேடம்?” அப்டின்னா, “இன்னொரு தடவ சொல்லவா?” பொறந்ததுலேருந்து எங்கம்மாவ நான் வா, போ, நீதான். ஊர்ல யாருக்கு முன்னாடியும் மாத்தினதில்ல. போனத் தூக்கி, வெளிச்சம் அவ மூஞ்சியில விழற மாதிரி கொஞ்சம் தள்ளி உட்காந்து, “சொல்லுங்க”ன்னேன். அவ ஒரு நொடி என்னப் பாத்தா. அப்புறம் கண்ண எறக்கிக்கிட்டு மொதல்லேருந்து ஆரம்பிச்சா. ரெண்டாவதுதான் நல்லா வந்துச்சு. மூணு அம்பத்தாறுக்கு ஏத்திட்டேன்.